எண்ணாமல் எழுதிய மூச்சு

பதினோரு வருடம் வார்டில் வேலை பார்த்த சிஸ்டரை, நேற்றுப் படித்து முடித்து வந்த பெண்களோடு பெஞ்சில் உட்கார வைத்து மூன்று நாள் பாடம் நடத்தினார்கள். நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது என்று அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தது. சர்க்கரை இறங்கினால் ஏன் வியர்க்கும், இதயம் தளர்ந்தால் கால் ஏன் வீங்கும் என்று போய், நிமோனியாவில் வந்து நின்றது.

"நிமோனியா முத்துறப்போ முதல்ல எதும்மா மாறும்?" என்றார் டியூட்டர்.

புதுப் பெண்கள் நோட்டைப் புரட்டினார்கள்.

"மூச்சு," என்றாள் சிஸ்டர். "நாடி, பிரஷர் எல்லாம் சரியா இருக்கும்போதே மூச்சு வேகமாயிடும்."

"பாத்தீங்களா, அனுபவம்னா இதுதான்."

அவளுக்குத் தலை நிமிரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆறாம் படுக்கையில் ஒருவர் இருந்தார். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். இருமலும் காய்ச்சலுமாக வந்தவர். அன்று முப்பத்துநாலு படுக்கைக்கு இரண்டே சிஸ்டர்கள். நாடியையும் பிரஷரையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நெஞ்சைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, முழு நிமிடம் எண்ண வேண்டும். அதற்கு யாருக்கும் நேரம் கிடையாது. எல்லோரும் இயல்பான அளவான பதினெட்டு என்று போட்டுவிடுவார்கள். அவளும் அப்படித்தான்.

டிரைவர் முன்னால் சாய்ந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டவுன் பஸ் மாதிரி... ஸ்டாப்புக்கு ஸ்டாப்... நின்னு நின்னு பேசறேன் சிஸ்டர்."

அவள் சிரித்தாள். பதினெட்டு என்று எழுதிவிட்டு ஏழாம் படுக்கைக்குப் போனாள். சாயங்காலம் அவர் உதடு நீலம் பாரித்தது. இரண்டாம் நாள் போய்விட்டார். சார்ட்டைப் பார்த்த மேலிடம் அவளை மறுபடி பாடம் படிக்க அனுப்பியது.

"எல்லாரும்தான் அப்படி எழுதறோம். உன் நேரம், நீ மாட்டிக்கிட்ட," என்றாள் கூட வேலை பார்ப்பவள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

வகுப்பின் முடிவில் வைத்த பரீட்சையில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினாள். வார்டுக்குத் திரும்பிய அன்று ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் எண்ணினாள். பதினோராம் படுக்கைக்கு வரும்போதே மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஹெட் சிஸ்டர் சார்ட்டைக் கையிலிருந்து வாங்கி, மீதியைத் தானே பதினெட்டு என்று நிரப்பினார்.

"கோபம் இல்லம்மா. வேற வழி இருந்தா சொல்லு."

அவள் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரமே டிரைவரின் மகள் வந்தாள். வார்டில் விட்டுப்போன அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"உங்களப் பத்தி அப்பா சொன்னாருங்க. சிரிச்ச முகமா ஒரு சிஸ்டர், நல்லா பாத்துக்குதுன்னு."

சிஸ்டருக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"நான் நல்லா பாத்துக்கலம்மா. மூச்ச எண்ணாமலே எண்ணின மாதிரி எழுதிட்டேன். எண்ணியிருந்தா அப்பவே டாக்டரக் கூப்பிட்டிருப்பேன்."

"கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியல. பொழச்சிருக்கலாம்."

"எண்ண எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நிமிஷம்."

மகள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அவருக்கு விதி முடிஞ்சுதுன்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன்," என்றாள். "இத ஏங்க என்கிட்ட சொன்னீங்க?"

அவள் படியிறங்கிப் போகும்வரை சிஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றாள். தன் பாரத்தைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியும் தன் பாரம் இம்மியும் குறையவில்லை.

மறுநாள் லீவு சொன்னாள். அடுத்த நாளும் போகவில்லை. எட்டாம் நாள் வந்து, வேறு வார்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மாற்றிப் போட ஆள் இல்லை என்று பதில் வந்தது. யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பழைய வார்டுக்கே போனாள்.