முடி ஆயிப்போயிந்தி

ராஜாவுக்கு முடி என்றால் கிரீடம். நமக்கெல்லாம் முடி என்றால் வெறும் மயிர். தமிழ் அப்படித்தான் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. பாலசமுத்திரம் நளினி மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் மகள் யமுனாவுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல். "எம் பொண்ணுக்கு மயிரே மணிமுடி" என்று குழாயடியில் நின்று பீற்றிக்கொள்வாள்.

அன்று சித்தூர் பல் டாக்டரிடம் அவளுக்கே ஒரு கிரீடம் வாய்த்தது. கடைவாய்ப் பல்லை ராவிவிட்டு, "தீனிக்கி க்ரௌன் பெட்டாலம்மா" என்றார் டாக்டர். அது என்ன என்று கேட்க வாய் வரவில்லை. ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துக் கிடந்தது. "பல்லுக்குக் கிரீடம்மா" என்று நர்ஸ் சிரித்தாள். நளினியும் ஒரு பக்க வாயால் சிரித்து வைத்தாள். மாமியாராகப் போகிறவள், கிரீடத்தோடுதான் நிற்கட்டுமே.

வெளியே வந்ததும் போன் அடித்தது. யமுனாவின் நம்பர். தடாவில் ஒரு கம்பெனியில் தன்னோடு வேலை செய்பவர்களோடு திருப்பதிக்குப் போயிருந்தாள். ஆனால் பேசியது ஆண் குரல்.

"அத்தம்மா, நேனு கிரண்குமார். முடி ஆயிப்போயிந்தி. அலிபிரில உன்னாம், மீரு ராண்டி."

கம்பெனிப் பையன் யாரோ, மலையடிவாரத்து அலிபிரிக்கு வரச் சொல்கிறான். பின்னால் யமுனா விசும்புவது கேட்டது. "முழியா?" என்று குழறினாள் நளினி. லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டுத்தான் என்ன, வாய் பேசினால்தானே?

திருப்பதிக்குப் போனவளுக்கு முடி ஆகிவிட்டது என்றால் வேறென்ன? மொட்டை! நளினி திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

கல்யாணம் அடுத்த மாதம். மாப்பிள்ளை, அண்ணன் ஏகாம்பரத்தின் மகன் சம்பத். குவைத்திலிருந்து வர டிக்கெட் போட்டாகிவிட்டது. புருஷன் செத்த பிறகு நளினியைத் தாங்கிப் பிடித்தது அந்த அண்ணன் ஒருவன்தான். அவனுக்குக் கொடுத்த வாக்கு இது. யமுனாவைக் கேட்டாயா என்று யாராவது கேட்டிருந்தால் நளினி சிரித்திருப்பாள். மாமன் மகனைக் கட்ட எதற்குக் கேள்வி? இப்போது மொட்டைத் தலையை மணையில் உட்கார வைத்துவிட்டு அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? பஸ் முழுக்க, பாவி, யாரைக் கேட்டு வழித்தாய் என்று மனசுக்குள் வைதுகொண்டே வந்தாள்.

அலிபிரியில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, குல்லா போட்ட மொட்டை, தோளில் தூங்கும் குழந்தை மொட்டை. வயசுப் பெண் ஒவ்வொருத்தியின் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யம்மா!"

திரும்பினாள். யமுனாதான். இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கியது, முழுசாக, மல்லிகைப்பூவோடு.

"முடி கீதுடி! அப்டியே கீதுடி!" மரத்த வாய் அந்தச் சந்தோஷத்தில் தானே திறந்துகொண்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். கழுத்தில் ஏதோ ஈரமாக ஒட்டியது. மகளை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் கயிறு. மஞ்சள்கூட இன்னும் காயவில்லை.

பக்கத்தில் நெற்றி நிறைய குங்குமத்தோடு கிரண்குமார் கைகட்டி நின்றான். "போன்லோனே செப்பேனு கதா அத்தம்மா..." என்று, ஏற்கெனவே சொல்லிவிட்டதாக இழுத்தான்.

"தெலுங்குல முடின்னா முடிச்சும்மா" என்றாள் யமுனா அழுதுகொண்டே. "ஒனக்குத் தெரியாதா? சம்பத் மாமாவ வாணான்னு எத்தினி தபா சொன்னேன். நீ காதுல வாங்கினியா?"

தெரியாமல் என்ன? பிறந்ததிலிருந்து தெலுங்கில்தான் சந்தையில் பேரம் பேசுகிறாள். மாமியாரைக் கூப்பிடுகிற மாதிரி அவன் அத்தம்மா என்றதுகூட அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பல் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் கூப்பிட்டான்.

"இன்னாம்மா, பல்லு எப்டி கீது? இன்னும் வலிச்சிக்கினுதான் கீதா?"

"அண்ணா... யமுனா திருப்பதியில..." எப்படிச் சொல்வது? அவளுக்கு வந்த அதே வார்த்தைதான் வாயில் வந்தது. "முடி ஆயிடுச்சிண்ணா."

ஏகாம்பரம் சிரித்தான்.

"மொட்ட போட்டுக்கினாளா? இதுக்கா அழுவுற? மயிருதானம்மா, வளந்துடும். எம் மருமவ மொட்டையா வந்தாலும் மகாலட்சுமிதான். சம்பத்துக்கு நான் சொல்லிக்கிறேன். கொழந்தய வையாத, இன்னா?"

சிரிக்காமல் வைதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நளினி மகளின் கழுத்தைப் பார்த்தாள்.

"அது வளர்ற முடி இல்லண்ணா" என்றாள். "போட்ட முடி."

ஏகாம்பரத்துக்கும் தெலுங்கு தெரியும். அவன் போனை வைத்துவிட்டான்.