ரெண்டு இன்ச் லூஸ்

ராயப்பேட்டைக் கடையில் சுவர் முழுக்க வாஷ்பேசின் மாட்டி வைத்திருந்தார்கள். வட்டம், சதுரம், முட்டை வடிவம், மூலையில் உட்காரும் முக்கோணம். கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனேன். பத்தொன்பது வருஷமாக தி.நகர் துணிக்கடையில் ஆல்டரேஷன் டெய்லர். டேப் இல்லாவிட்டால் எனக்குக் கையே ஓடாது.

கூட வந்த ப்ளம்பர் அப்துல் கஃபார் பாய் மூன்றாவது தடவை மணி பார்த்தார்.

"யக்கா, பழசைக் கயட்டிப் போட்டுட்டு வந்துகீறேன். நாலு மணிக்கு வேற எடத்துக்குப் போவணும். இன்னா ஷேப்புன்னு சொல்லு, மாட்டிடலாம்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் டில்லிபாபுவுக்கு ஆட்டோ கவிழ்ந்து இடுப்பெலும்பு உடைந்து நாலு மாசம். வாக்கர் பிடித்துத்தான் நடை. எங்கள் ஹவுசிங் போர்டு பாத்ரூமில் கதவைத் தாண்டியதுமே பழைய பேசின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டால்தான் உள்ளே போவார். நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்கும் வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று. நான் வேலைக்குப் போய்விட்டால் இவரை யார் பிடிப்பது?

வாக்கர் அகலம் இருபத்து நாலு. முட்டை வடிவத்தை மாட்டினால் வழி இருபத்தாறு. ரெண்டு இன்ச் லூஸ், தாராளம். விளிம்பில் நீலக் கோடு வேறு, பார்க்க லட்சணமாக இருந்தது. பாய் அதைத் தூக்கப் போனார்.

"இரு பாய்," என்றேன். மனசு கேட்கவில்லை. போட்டுப் பார்க்காமல் ஒரு ரவிக்கையைக்கூட நான் கொடுத்தனுப்பியதில்லை. "அட்டையில வெட்டி வச்சிப் பாத்துட்டு வந்துடறேன். அரை மணி நேரம்."

"பாத்ரூமுக்கு ட்ரையலாக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து புடவைப் பெட்டி அட்டையில் முட்டை வடிவத்தை வெட்டினேன்.

"யோவ், எந்திரி. நடந்து பாக்கணும்."

"இருபது வருசம் ஆட்டோ ஓட்னவன் நானு. கேப்பு பாத்தாலே தெரியும். போவும், போ."

"நீ கேப்பு பாத்த லட்சணம்தான் தெரியுமே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாக்கரை இழுத்து ஊன்றி எழுந்தார்.

பாத்ரூமுக்குள் நின்று, பேசின் வரவேண்டிய உயரத்தில் அட்டையைச் சுவரோடு பிடித்தேன். வாக்கர் அழகாக உள்ளே வந்தது. பின்னாலேயே அவர் முழங்கை அட்டையில் இடித்து, அட்டை மடங்கி, ஆள் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். எனக்கு உயிரே போய் வந்தது.

குள்ளமான மனுஷன். குனிந்து ஊன்றும்போது முழங்கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி வாக்கருக்கு வெளியே நின்றன. முழங்கைக்கு முழங்கை டேப்பைப் போட்டேன். இருபத்தொன்பது. சே! ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் அளக்கிறவள், வாக்கர் கம்பியை அளந்துவிட்டுப் புருஷன் கையை விட்டுவிட்டேன். அழுகை முட்டியது.

"இன்னா டெய்லரம்மா, டைட்டா கீதா?" என்றார். நாலு மாசத்தில் முதல் கிண்டல்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு அட்டை எடுத்தேன். மூலைக்கான முக்கோணம், முன்பக்கம் மட்டும் வளைவாக. கதவோரத்து மூலையில் செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். வழி இப்போது முப்பத்தொன்று.

"வா. நான் பிடிச்சிக்கிறேன்."

"நீ வெளிய போ."

போனேன். அவர் நுழைந்தார். முழங்கை அட்டைக்கு ரெண்டு விரற்கடை தள்ளிப் போனது. திரும்பினார். கதவு சாத்திக்கொண்டது. நாலு மாசமாகத் தொடாத தாழ்ப்பாள் முதலில் சிக்கியது, பிறகு கிறீச்சென்று விழுந்தது.

போன் அடித்தது, பாய்தான். எடுக்கவில்லை. உள்ளே சத்தமே இல்லை. கதவில் கையை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

"தேவானை, அங்கியேவா நிக்கற?"

"இல்லியே," என்றேன், டேப்பை விரலில் இறுக்கிச் சுற்றியபடி, கதவை ஒட்டி நின்றுகொண்டு.