டகோட்டாவுக்குப் போட்ட பூஜை

ஜனகராஜின் கோபம் சாயத்தொட்டி மாதிரி. அடியில் விறகை இழுத்துவிட்டாலும் கொதி அடங்காது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாளே கொதிக்கத் தொடங்கிவிட்டது.

காரணம், மதுரை விமானத் திடலின் முள்வேலியோரம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற பழைய டகோட்டா விமானம். அது பறப்பதை விட்டுப் பல வருஷம். ஆனாலும் ஞாயிறு தவறாமல் சாயப்பட்டறை ஜனகராஜும், தபால் ஆபீஸ் சந்தானமும், பெருங்குடி விவசாயி வெள்ளைத்துரையும் அதைத் துடைத்துவிடப் போவார்கள். தலைக்கு மேல் புது ஆவ்ரோ விமானம் இறங்கினால்கூட நிமிர மாட்டார்கள். "அதெல்லாம் டவுன் பஸ்ஸு" என்பார் ஜனகராஜ்.

ஏலத்தில் அதை எடுத்த பழைய இரும்புக்கடை சின்னச்சாமி, வெட்ட ஆள் கூட்டி வந்துவிட்டான். பசுமலைப் பக்கத்துத் தொழிற்பள்ளி முதல்வர் ஒருவர், பிள்ளைகள் பார்த்துப் படிக்க அதை முழுசாகவே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் பூஜை விடுமுறை. விஜயதசமிக்கு மறுநாள்தான் அவரால் வர முடியும். அதுவரை விமானம் முழுசாக நிற்க வேண்டும்.

"ரெண்டு நாள் பொறுத்தா உனக்கு என்னய்யா கொறஞ்சு போகும்?" என்று சின்னச்சாமியிடம் கத்தினார் ஜனகராஜ்.

"வாத்தியாரு வரலைன்னா? நீங்களாண்ணே வாங்குவீங்க? விடிஞ்சா வெட்டுத்தேன்."

விடிவதற்குள் ஜனகராஜ் முந்திக்கொண்டார். டகோட்டாவுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வெட்ட வந்தவர்களின் கோடாரிகளையும் வாங்கி இறக்கையின் கீழே வரிசையாகச் சாத்திப் பொட்டு வைத்தார். பூசணிக்காயையும் உடைத்தாயிற்று.

"பூஜையில வச்ச ஆயுதத்த எடுக்கலாமாடா காளை?"

வெட்டுக்காரர்களின் தலைவன் காளை கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தாடி, ஆகாதுண்ணே!" சின்னச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டே சுண்டல் தின்றான்.

"நாளைக்கு?" என்று காதைக் கடித்தார் சந்தானம்.

"நாளைக்கு விஜயதசமி. ஒப்புக்கு ஒரு தட்டுத் தட்டிட்டு வீட்டுக்குப் போயிருவானுக."

சாயப்பட்டறையில் அப்படித்தான். விஜயதசமியன்று ஒரு கழி நூலைத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள், பிறகு பூட்டிவிடுவார்கள். உலகமே சாயப்பட்டறை என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

மறுநாள் காலை அவர் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது லாரி நின்றது. குளித்துத் திருநீறு பூசிய ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது?"

"இன்னைக்கு எடுத்த வேல நிக்கக் கூடாதுல்லண்ணே" என்றான் காளை. "பொழுதுக்கும் வெட்டுனாத்தேன் வருசம் பூராம் வேல கெடைக்கும். இன்னைக்கு ஒப்பேத்துனா வருசத்துக்கும் பட்டினிதேன்."

ஜனகராஜ் சைக்கிளைக் கீழே தள்ளினார். சின்னச்சாமியின் ஏழு தலைமுறையை இழுத்தார். லீவு விட்ட முதல்வரைத் திட்டினார். முன்னமே வந்து நின்ற சந்தானத்தையும் வெள்ளைத்துரையையும், "சுண்டலுக்கு வந்த கூட்டமாடா நீங்க?" என்று கேட்டார். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

காளை ஒரு கோடாரியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"பூச போட்டது நீங்கதானண்ணே. ஒங்க கையால எடுத்துக் குடுங்க. எங்களுக்கு விருத்தியாகும்."

அவன் முகத்தில் துளி நக்கல் இல்லை. அதுதான் ஜனகராஜுக்குத் தாங்கவில்லை. நக்கல் அடித்திருந்தால் செவிளில் ஒன்று விட்டிருக்கலாம்.

கோடாரியைப் பிடுங்கினார். வேலிக்கு அப்பால் வீசத்தான் கையை ஓங்கினார். ஆனால் சந்தனப் பொட்டு வைத்த பொருளை எறிந்து பழகிய கையா அது? பிறந்ததிலிருந்து பழகியபடி, தானாகவே கோடாரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"போதும்ணே!" என்று காளை சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

முதல் வெட்டு வாலில் விழுந்தது. வெட்ட வேண்டியது இந்தக் கையைத்தான் என்று பல்லைக் கடித்தார் ஜனகராஜ்.