மூன்றாம் குவியல்காரரின் சூடு

உரக்கிடங்கில் குப்பைக் குவியல்களைப் புரட்டுகிறவருக்கு ஒரு கோடையில் உடம்பு ஐம்பத்திரண்டு டிகிரிக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. மருத்துவரின் வெப்பமானி அக்குளிலேயே வெடித்ததால், குவியலுக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி வெப்பமானியை வைத்துத்தான் பார்த்தார்கள். மற்றபடி அவருக்கு ஒரு குறையும் இல்லை. பசித்தது, தூக்கம் வந்தது. முதுகில் மட்டும் சாம்பல் பூசியதுபோல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

மண் சோதிக்கும் பெண் வந்து அதைச் சுரண்டிப் பார்த்தார். குவியல் வேகும்போது வளரும் பூஞ்சை அது. நாம் துடித்துப்போகிற சூடுதான் அதற்கு இளவெயில். ஆறினால் சுருண்டு தூங்கிவிடும். முதுகுவலிக்கு இதமாக இருக்கிறதென்று குவியல்காரர் பத்து வருடமாகச் சாப்பாட்டு வேளையில் மூன்றாம் குவியலில் சாய்ந்து கிடந்தார். குவியலை வாரம் தவறாமல் கலைக்கிறார்கள், இவரை யாரும் கலைப்பதில்லை என்று பூஞ்சை வீடு மாறியிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மழை தொடங்கியதும் பக்கத்து வீட்டார் ஈரத்துணியை அவர் முதுகில் போட்டு உலர்த்திக்கொண்டார்கள். அதே கிடங்கில் வேலை பார்த்த மனைவி மட்டும், வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்று படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவருக்கு அது வருத்தம்தான்.

ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் பெண். சூடு தங்காத உடம்பு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போயிற்று. பெட்டி ஆறியது, குழந்தையின் உதடு நீலமாயிற்று. தாய்க்கோ ரத்தம் போய்க் குளிர்நடுக்கம். செவிலியர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர்கள். கதகதப்பான ஆள் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் வாசலைத் தாண்டவில்லை.

"நான் தொட்டா கொழந்த வெந்துடும், புள்ள," என்று அழுதார்.

"அழுறத விட்டுட்டு இப்படி வந்து கீழ படுங்க," என்றாள் மனைவி. "குவியல் கொதிச்சா என்ன பண்ணுவோம்?"

புரட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். இரண்டு செவிலியர்கள் அவரை அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை உருட்டினார்கள், ஒருவர் குவளையால் தெளித்தார். கம்பி வெப்பமானி கிடங்கில் மாட்டிக்கொண்டதால், பழைய வழக்கப்படி கை வைத்து எண்ணவேண்டியிருந்தது. பத்து எண்ணும்வரை கை தாங்கினால் போதும். மனைவி கட்டிலிலிருந்து குனிந்து அவர் மார்பில் கை வைத்தாள். முதல் தடவை மூன்றிலேயே எடுத்துவிட்டாள். ஐந்தாவது உருட்டலில் ஆறு. ஒன்பதாவதில் பத்து வந்தது. அவள் அவரைத் தொட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

குழந்தையை அவர் மார்பில் வைத்தார்கள். நான்கு நாள் அவர் எழுந்திருக்கவில்லை. சூடு ஏறும்போதெல்லாம் குழந்தையை எடுத்துவிட்டு ஒரு புரட்டு, கொஞ்சம் தண்ணீர். மின்சாரம் வந்தபோது குழந்தை உரக்க அழுதுகொண்டிருந்தது.

ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். ஆசிரியை சிறுமியின் நெற்றியில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு காய்ச்சலோட கூட்டிட்டு வந்திருக்கீங்களே?"

"காய்ச்சல் இல்லைங்க," என்றாள் தாய். "அப்பா ஜாடை."

ஆசிரியை அதையே படிவத்தில் எழுதிக்கொண்டு, குளிர்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுகிற மாதிரி நடு பெஞ்சில் இடம் கொடுத்தார்.