லைவ்ல இருக்கார்

மனித குலத்தின் இருண்ட காலம் இன்று காலையோடு முடிவடைவதாலும், கம்பியில்லா அகலக்கற்றை இணையம் ஊருக்கு வந்து சேர்வதாலும், பொதுமக்கள் அனைவரும் குளித்து, தலைவாரி, மைதானத்தில் கூடி, தங்களுக்கு நேர்ந்திருக்கும் முன்னேற்றத்தைக் கண்ணாரக் காணும்படி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டது.

தையல்காரர் குளித்தார். தலைவாரினார். சட்டைக்குள் கையை நுழைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

மைதானத்துக்கு எதிரேதான் சுகாதார நிலையம். அங்கே டாக்டர் கிடையாது; டாக்டருக்கான நாற்காலி உண்டு. நர்ஸ் அவசரமாக இ.சி.ஜி. எடுத்தாள். தாளில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்துவிட்டது.

"ஊசி இருக்குக்கா. ஆனா இவருக்குப் போடலாமா வேணாமான்னு பெரியாஸ்பத்திரி இதய டாக்டர் இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லணும். தப்பாப் போட்டா உள்ளயே ரத்தம் கசிஞ்சிடும்."

"சொல்லச் சொல்லு சிஸ்டர்," என்றாள் தையல்காரரின் மனைவி.

"படம் போனாத்தானே சொல்லுவாரு. சுத்திக்கிட்டே இருக்கு பாருங்க."

நர்ஸின் செல்போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரி பஸ்ஸில் அரை நாள் தூரம். கூப்பிட்டுப் பேசவும் வழியில்லை. புதிய கோபுரத்துக்கு மரியாதை செய்யும் விதமாகப் பழைய கோபுரத்தை நேற்றே அணைத்துவிட்டார்கள். புதியதில் இப்போதைக்கு இணையம் மட்டும்தான், பேச்செல்லாம் அமைச்சருக்கு.

கட்டிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த தையல்காரர், "அந்த நீலச் சட்டைக்கு இன்னும் காஜா எடுக்கல," என்றார்.

"அது எங்கயும் ஓடிப்போகாது. நீங்களும் போகாம கிடங்க," என்று சொல்லிவிட்டு மனைவி ஓடினாள்.

மேடைக்குப் பின்னால் இன்ஜினீயர் மடிக்கணினியைத் தூங்கும் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"சார், ஒரே ஒரு படம் போகணும். லைனைக் கொஞ்சம் விடுங்க சார்."

"இருக்கிற லைன் அத்தனையும் நேரலைக்குப் போகுதும்மா. உலகமே பார்த்துக்கிட்டிருக்கு."

உலகத்தில் அப்போது பதினொரு பேர் இருந்ததாகத் திரையின் மூலை சொன்னது.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்."

"எப்படிம்மா நிறுத்தறது? அமைச்சர் லைவ்ல இருக்கார்."

"எங்க வீட்டுக்காரரும் லைவ்ல இருக்கணும்ல சார்."

இன்ஜினீயர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இனி தூரத்தின் காரணமாக ஓர் உயிர்கூடப் போகாது," என்று மேடையில் அமைச்சர் உறுதியளித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் குனிந்து, கையில் அகப்பட்ட வயரைப் பிடித்து இழுத்தாள். மேடையில் மின்விசிறிகள் நின்றன.

"ஐயோ, அது ஃபேன் வயரும்மா."

"அப்ப எது?"

அவர் கண் பழக்கதோஷத்தில், கேமராவிலிருந்து வந்த மஞ்சள் வயருக்குப் போனது. அவள் அதையும் பிடுங்கினாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். அவள் திமிரவில்லை. எதிரே சுகாதார நிலையத்தின் ஜன்னலைப் பார்த்து, தொண்டை கிழிய, "சிஸ்டர், போச்சா?" என்றாள்.

"போயிடுச்சுக்கா."

அவள் கால்கள் மடங்கின. போலீஸ்காரர்களே தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது.

"படம்க்கா, படம். ஒரு டிக் விழுந்திருக்கு. டாக்டர் போனுக்குப் போய்ச் சேர்ந்தா ரெண்டாவது விழும்."

நேரலை நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எட்டாவது சாதனைக்குப் போனார். நர்ஸ் ஒரு கையில் போனையும் மறு கையில் ஊசியையும் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். அவளுக்குப் பின்னால் தையல்காரரின் மூச்சு, நூல் சிக்கிய மெஷின்போல, விட்டு விட்டு இழுத்தது.

"விழுந்துச்சா சிஸ்டர்?"

"இன்னும் இல்லக்கா."

"இப்ப?"

நர்ஸ் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள்.

இதய டாக்டர் மேடையில் இரண்டாவது வரிசையில், விழாக் குழு கேட்டுக்கொண்டபடி செல்போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.