செயல்பாட்டில் மாற்றம் இல்லை

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாத வேலை என் மேசைக்குத்தான் வரும். புதிதாக எழுதுவது மற்றவர்கள். எழுதிக் குவித்ததை ஒழுங்குபடுத்துவது நான். "பூங்கோதைகிட்ட குடு, பெருக்கித் தொடச்சு வெச்சுடுவா" என்பான் கௌஷிக். எங்கள் குழுவின் தலைவன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அவன் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது. தொந்தரவு தராதவள் என்ற பெயரை நான் உள்ளூர விரும்பினேன். அதை இழக்காமலிருக்க எவ்வளவு விழுங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கடைகளில் பணம் வந்ததும் உரக்கச் சொல்லும் சிறு பெட்டி இருக்கிறதே, அதை விற்கும் க்ளையன்டுக்கு அதன் பூட்லோடரை எழுதிக் கொடுப்பது எங்கள் கம்பெனி. பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் முதலில் விழித்துக்கொள்ளும் நிரல் அது. மின்சாரத்தைப் பங்கிட உள்ளே ஒரு சிப் உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு வோல்டேஜ் கொடுக்க வேண்டும் என்று பூட்லோடர்தான் அந்தச் சிப்புக்குச் சொல்லும். அப்படிச் சொல்கிற பகுதி, டிரைவர், பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்தது. ஒரே வேலையைப் பல இடங்களில் பல விதமாகச் செய்தது. எதற்கென்று தெரியாத எண்கள், யாரும் அழைக்காத வரிகள். அதை நான் பிரித்தேன், சேர்த்தேன், எண்களையெல்லாம் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தேன். நன்றாக வந்திருந்தது. சும்மாவே திறந்து பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நன்றாக.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எந்தத் திருத்தத்தை அனுப்பினாலும் கூடவே என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுத வேண்டும். வெறும் ஒழுங்குபடுத்தல் என்றால் கடைசியில் ஒரு வரி வரும்: செயல்பாட்டில் மாற்றம் இல்லை. அதற்குக் கீழே நம் பெயர். அந்த வரியைப் பார்த்தால் மறுபக்கத்தில் படிப்பவர் அதிகம் தோண்டமாட்டார். நம்பிவிடுவார்.

அட்டவணையைப் பழைய நிரலோடு ஒத்துப்பார்த்தபோதுதான் கண்டேன். நினைவகத்துக்குப் போகும் வோல்டேஜ் பழைய நிரலில் தவறாக இருந்தது. இதற்கு முந்தைய ரகச் சிப்புக்கான எண்ணை யாரோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் சிப்பில் அதே எண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வோல்டேஜ் வரும். மேசை மேல் வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மே மாத டெல்லியில், அடுப்புக்குப் பக்கத்தில், நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளுக்குள் மெல்ல வெந்து, ஒருநாள் பெட்டி எழுந்திருக்காது.

சிப்பின் கையேட்டைப் பார்த்து நிரப்பியதால் என் அட்டவணையில் எண் சரியாக இருந்தது. எனக்கே தெரியாமல் நான் அதைத் திருத்தியிருந்தேன்.

கௌஷிக்கின் அறைக்குப் போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அச்சா, நல்லதாப் போச்சு! க்ளீன்-அப்போட சேர்த்து அனுப்பிடு."

"இது க்ளீன்-அப் இல்ல கௌஷிக். வோல்டேஜ் மாறுது."

"சரியாத்தானே மாறுது? யாருக்கு என்ன கஷ்டம்?"

"ஏற்கெனவே வித்த பெட்டிங்க?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "அரே, இதோ பாரு. புதுப் பெட்டியில எல்லாம் உன் கோட் போயிடும். பழசு கொஞ்ச நாள்ல தானாவே மார்க்கெட்லேர்ந்து போயிடும். தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, க்ளையன்ட் எல்லாத்தையும் திரும்ப வாங்கி சரி பண்ணச் சொல்லுவான். யார் எழுதினதுன்னு தோண்டுவான்."

"யார் எழுதினது?"

ஜன்னலைப் பார்த்தான். "அப்ப நான் புதுசு. சேம்பிள் கோட்லேர்ந்து எடுத்தேன்."

எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது. நானும் அப்படி எடுத்துப் போட்டிருப்பேன்.

"கீழ அந்த லைன் போட்டுடு," என்றான். "எப்பவும் போடறதுதானே."

அன்று சாயங்காலம் முனிர்காவில் என் அறைக்குப் போகும் சந்து முனையில், வேலம்மாளின் இட்லி வண்டியில் நின்றேன். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய பெட்டி அடுப்புக்கு அருகே ஊமையாகக் கிடந்தது. ஓரத்தில் இருந்த குறியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்களுடையது.

"செத்துப் போச்சும்மா," என்றார். "சர்வீஸ்காரப் பையன் வந்தான். தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கெடையாதுங்கறான். நான் என்ன இதுக்கு எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்தியா விட்டேன்?"

வண்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. பணம் அனுப்பிட்டேன்னு போனைத் தூக்கிக் காட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போவீங்க. நான் அடுப்பைப் பாப்பனா, உங்க போனைப் பாப்பனா?" பிறகு என்னிடம், "ஏம்மா, நீ இந்த மாதிரி வேலைதான செய்யற? தண்ணி பட்டா இப்படி ஆகுமா?"

"ஆகும்," என்றேன். "ஆனா இது தண்ணி இல்லக்கா."

"அப்பறம்?"

"பெட்டியிலயே கோளாறு."

"பாத்தியா!" என்று மாணவர்களைப் பார்த்துக் கரண்டியை ஆட்டினார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

வேலம்மாளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டால் அழகாக இருக்கும். அது உண்மையில்லை. மத்தியானம் கௌஷிக்கின் அறையிலேயே என்னுள் ஏதோ இறுகிவிட்டது. அது கருணை அல்ல, கர்வம். பெருக்குகிறவள் என்று சொல்லட்டும். ஆனால் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளச் சொல்லிவிட்டு, அதற்கு என் கையெழுத்தைக் கேட்கிறார்களே. என் வேலையின் அழகையே மறைப்பாக விரிக்கச் சொல்கிறார்களே. இத்தனை வருடம் நான் காத்துவந்த நல்ல பெயர் எதற்குப் பயன்பட்டது என்று அப்போது புரிந்தது. நான் அந்த வரியைப் போட்டால் யாரும் தோண்டமாட்டார்கள். அதனால்தான் அந்த வரியை என்னிடம் கேட்டார்கள்.

ஆனால் உண்மையை எழுதுவது மட்டும் போதாது என்று காலையில் கணினியைத் திறந்தபோது தெரிந்தது. ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் இருப்பது பழைய நிரல். அவற்றுக்குப் போக வேண்டுமானால் திருத்தம் பழைய நிரலின் மீதே, தனியாக, சிறியதாக இருக்க வேண்டும். என் ஒழுங்குபடுத்தல் முழுவதையும் எடுத்து ஓரமாக வைத்தேன். மறுபடியும் அந்தச் சகிக்காத குப்பை திரையில் வந்து நின்றது. அதற்குள் இறங்கி, அந்த ஒரு எண்ணைத் தேடி மாற்றினேன். சுற்றிலும் ஒன்றையும் தொடவில்லை. கை பரபரத்தது, தொடவில்லை.

கூட எழுதினேன்: நினைவகத்துக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போகிறது. வெப்பத்தில் பெட்டி பழுதாகும். முதல் வெளியீட்டிலிருந்தே இந்தத் தவறு இருக்கிறது. விற்ற பெட்டிகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும். கௌஷிக்கின் பெயரை எழுதவில்லை. எழுத அவசியமும் இல்லை. நிரலின் வரலாற்றில் அது இருக்கிறது.

நேராக க்ளையன்டுக்கே அனுப்பிவிட்டேன். பிறகு ஒழுங்குபடுத்தலை அதன் மேல் மீண்டும் பொருத்தி, இரண்டாவதாகக் கௌஷிக்கின் ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

கௌஷிக் என் மேசைக்கே வந்தான். எல்லோரும் கேட்கும்படி, "பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? க்ளையன்ட் லைன்ல இருக்கான்!" என்றான்.

"இருக்கட்டும். நான் பேசறேன்."

"நீ பேச வேண்டாம். பேசினது போதும்."

"நான் பேசல கௌஷிக். எழுதினேன். அதுல ஒரு வரி தப்புன்னா சொல்லு, திருத்தறேன்."

அவன் திரும்பி அறைக்குப் போனான். குரல் நடுங்காமல் அவனிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

முதல் திருத்தத்தை க்ளையன்ட் ஏற்றுக்கொண்டார்கள். கேள்விகள் வந்தன, கடுமையான கூட்டங்கள் நடந்தன. எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. என்னைச் சோதனை அறிக்கைகள் எழுதும் குழுவுக்கு மாற்றினார்கள். ஒழுங்குபடுத்தலைக் கௌஷிக் நிராகரித்தான். காரணம் என்று ஒரே வரி எழுதியிருந்தான்: இப்போது தேவையில்லை.

ஆக, அந்த டிரைவர் இன்று வரை அதே குப்பைதான். நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் சரியாக இருக்கிறது. வேலம்மாளின் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் வேறு கொடுத்திருக்கிறார்கள். அது கத்துகிற கத்தலில் சந்து முழுவதும் அவருடைய வியாபாரம் தெரிகிறது.

நேற்று மத்தியானம், அறிக்கைகளுக்கு நடுவே, என் ஒழுங்குபடுத்தலைப் புதிய நிலவரத்துக்கு ஏற்ப மறுபடி பொருத்தினேன். ஒவ்வொரு எண்ணையும் முன்னும் பின்னும் ஒத்துப்பார்த்தேன். கீழே அந்த வரியை எழுதி, என் பெயரை எழுதி, கௌஷிக்குக்கே அனுப்பினேன்.

நிராகரிப்பான். அடுத்த வாரமும் அனுப்புவேன்.