மூத்தவளின் நீண்ட ஜலதோஷம்

ஜலதோஷம் என்றால் ஒரு வாரம் படுத்தும், பிறகு போய்விடும். மாதக்கணக்கில் நீளும் ஒரு ஜலதோஷத்தை அந்த வீட்டில் எல்லோரும் எப்படித்தான் நம்பினார்களோ. "எனக்குக் கொஞ்சம் ஜலதோஷமா இருக்கு, இதை மோந்து பாத்துச் சொல்லு" என்று மூத்தவள் பொடி டப்பாவை நீட்டுவாள். புருஷனோ கொழுந்தனோ பிள்ளைகளோ, அடுப்படிப் பக்கம் தலைகாட்டினால் விடமாட்டாள். அவர்களும் ஒப்புக்கு மோந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று நழுவிவிடுவார்கள்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தது. மூத்த மருமகளுக்கு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது வாசனை பிடிக்கும் திறனையும் கையோடு கொண்டுபோய்விட்டது. டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரைத் தவிர வேறு யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

காரணம் இருந்தது. அந்த வீட்டில் கடைப் பொடி வாசற்படி ஏறியதில்லை. தினப்படி சமையலுக்கான பொடிகள், இறைச்சிக்குத் தனி, காய்க்குத் தனி, இளைய மருமகள் சுடும் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் தனி என்று எல்லாம் மூத்தவள் கைதான். தெருமுனையில் வரும்போதே எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுவாள். கொழுந்தன் அவளுக்கு 'மோப்பக்காரி' என்று பெயரே வைத்திருந்தான். இளையவள் வேலைக்குப் போகிறவள், வண்டி ஓட்டுகிறவள், ஓவனோடு பேசத் தெரிந்தவள். மூத்தவளுக்கு இருந்ததெல்லாம் இந்த மூக்கு ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று தெரிந்தால் பொடி வேலை இளையவள் கைக்குப் போகும். அப்புறம் வெங்காயம் உரித்துக் கொடுக்கும் ஆளாக ஓரமாக உட்கார வேண்டியதுதான் என்று அவள் உள்ளுக்குள் நடுங்கினாள்.

அதனால் காதாலும் கண்ணாலும் சமாளித்தாள். மல்லி சட்டியில் படபடவென்று பேசி ஓய்ந்தால் இறக்கினாள். வெந்தயம் சிவந்தால் இறக்கினாள். மிளகாயை ஒடித்துப் பார்த்தாள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேஜையில் முதல் வாய் எடுத்து வைப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவர்கள் இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

இதில் இளையவளின் தும்மல் வேறு. மூத்தவள் பொடி அரைத்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து தும்மல் வரிசையாகக் கேட்கும். 'என் பொடி மகாராணிக்கு ஒத்துக்கலையாம்' என்று மூத்தவள் மனசுக்குள் கறுவிக்கொள்வாள்.

கொழுந்தனின் மேலதிகாரி ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. ஆபீஸ் முழுக்கக் கொடுக்க இளையவள் பெரிய கேக்காகச் சுடுவதாக ஏற்பாடு. "கேக் பொடி மட்டும் புதுசா அரைச்சுக் குடுத்துடுங்கக்கா" என்றாள்.

முந்தின நாள் காலையில் மூத்தவள் முதலில் சீரகத்தை வறுத்துப் பொடித்தாள். அடுத்தது கேக் பொடி. ஒரு பொடியின் வாசனை இன்னொன்றில் ஏறக்கூடாது என்பதற்காக, நடுவில் ஒரு கைப்பிடி பச்சரிசியை ஜாரில் போட்டு அரைத்துக் கொட்டுவது அவள் வழக்கம். அரைத்த அரிசியை மோந்து பார்த்து, அரிசி வாசனை மட்டும் வரும்வரை விடமாட்டாள். மூக்கு போன பிறகு அந்தச் சோதனையை நிறத்துக்கு மாற்றிக்கொண்டாள். மிளகாய்க்குப் பிறகு அரிசி சிவப்பாக வரும், மஞ்சளுக்குப் பிறகு மஞ்சளாக. வெள்ளையாக வந்தால் ஜார் சுத்தம். சீரகம் நிறத்தில் அப்படி எதையும் காட்டிக்கொடுக்கிற ஜாதி இல்லை. அரிசி முதல் தடவையே வெள்ளையாக வந்தது. அவளும் நிம்மதியாகப் பட்டை, கிராம்பு, சுக்கு, ஏலக்காய் போட்டு அரைத்து, ஜாதிக்காயைத் துருவிக் கலந்து, டப்பாவில் அடைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

சாயங்காலம் துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தபோது கேக் ஓவனில் இருந்தது. இளையவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேக் பொடி டப்பாவின் மூடி சரியாக மூடாமல் கோணலாக இருந்தது. மூடியை அழுத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏதோ ஒன்று மூக்கின் அடியில் லேசாகத் தட்டியது.

பிரமை என்று நினைத்தாள். இதற்கு முன்பும் ஓரிரு தடவை மனசு இப்படி ஏமாற்றியிருந்தது. மூடியைத் திறந்து, டப்பாவை முகத்தருகே கொண்டுபோய், பயந்துகொண்டே மூச்சை இழுத்தாள். சீரகம். சந்தேகமே இல்லாத, வறுத்த சீரகம். அதற்குப் பின்னால் பட்டை வந்தது, கிராம்பு வந்தது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள், வந்தது. கைப்பிடித் துணியை எடுத்து மோந்தாள். ஐயோ, அது நாறியது. அந்த நாற்றத்தை அவள் இரண்டாவது தடவையும் ஆசையாக இழுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. சீரகம் கேக் பொடியில் அல்லவா இருக்கிறது? கேக் ஓவனில் அல்லவா இருக்கிறது?

மறைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். கொழுந்தன் ஆபீஸில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. பின்கட்டுக்கு ஓடினாள்.

"கேக்கை வெளியில எடு. பொடியில சீரகம் கலந்துடுச்சு. தப்பு என்மேலதான்."

இளையவள் கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். கேக்கைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. மூத்தவளின் முகத்தையே பார்த்தாள்.

"சீரகம்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"எப்படின்னா? மோந்து பாத்தேன்."

சொன்ன பிறகுதான் மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இளையவளோ ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துடுச்சா? நெஜமாவே வந்துடுச்சா?"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு அடுப்புல பால் தீய்ஞ்சு வீடே நாறுது, நீங்க பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தீங்க. அப்பவே தெரியும். நீங்களா சொல்லாதப்ப நான் எப்படிக் கேக்கறது? அதான் நீங்க அரைச்சு வச்சுட்டுப் போனதும் ஒவ்வொரு டப்பாவா மோந்து பாத்துடுவேன். கருகியிருந்தா புதுசா கொஞ்சம் வறுத்து அரைச்சுக் கலந்து வச்சிடுவேன். இன்னைக்கும் நீங்க குளிக்கப் போனப்ப பாத்தேன். சீரகம் தூக்கலா இருந்துது. கேக்குல போட்டது நான் தனியா இடிச்சதுக்கா. உங்க டப்பாவை ராத்திரி சத்தமில்லாம கொட்டிடலாம்னு இருந்தேன்."

மூத்தவள் பின்கட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேக் தப்பித்தது, மூக்கு திரும்பியது, இனி யாருக்கும் டப்பாவை நீட்ட வேண்டாம். நெஞ்சில் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்துபோனது அவளுக்கு அப்படியே தெரிந்தது. மகாராணி என்று கறுவியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப அந்தத் தும்மலெல்லாம்..."

"வேற எதுக்கு? மிளகாய்ப் பொடிக்குள்ள மூக்கை விட்டா என்ன ஆகும்? ஆபீஸ்ல எல்லாரும் என்னைத்தான் டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க." இளையவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நீங்களே பாத்துக்குங்க தாயே, என்னை விட்டுடுங்க."

மூத்தவள் சிரித்தாள், அழுதாள், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிறகு சட்டென்று தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தாள்.

"ஏய், எந்திரி. கேக் அடியில பிடிக்கப் போகுது."

இளையவள் எழுந்து ஓடினாள்.